ஐஎஸ்டிஎன் வயரிங் சரியா? மல்டிமீட்டரில் 50 ஓம் பாருங்கள்

ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் டெலிஃபோன்) லைனில் என்டி பெட்டிக்கு, அதாவது எக்ஸ்சேஞ்ச் லைன் வந்து முடியும் பெட்டிக்கு, அப்புறம் போகும் நாலு வயர் எஸ்-பஸ்ஸை (ஃபோன் சாக்கெட்டுகள் எல்லாம் சேரும் பொது வயரிங்கை) இழுத்து முடித்ததும், ஃபோன்களை மாட்டுவதற்கு முன்பே கடைசி சாக்கெட்டில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து 4-5 பின்களுக்கு நடுவே ஒரு தடவை, 3-6 பின்களுக்கு நடுவே ஒரு தடவை பாருங்கள். இரண்டிலும் 50 ஓமுக்குப் பக்கத்தில் காட்டினால் வயரிங் பெரும்பாலும் சரி.

ஒவ்வொரு ஜோடிக்கும் பஸ்ஸின் இரு முனைகளிலும் 100 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும், அவை இணையாக இருப்பதால் மீட்டரில் பாதி தெரிகிறது. 100 காட்டினால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை, அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது. 33 என்றால் யாரோ நடு சாக்கெட்டிலும் ஒன்றைப் போட்டுவிட்டார்கள், பழைய கட்டடங்களில் இதைத்தான் முதலில் தேட வேண்டும். பூஜ்யம் என்றால் ஷார்ட். ஒரு ஃபோன் வேலை செய்து இன்னொன்று தகராறு பண்ணும் கோளாறுக்குப் பெட்டியையே மாற்றும் செலவு இதனால் மிச்சமாகும்.

அளக்கும்போது ஃபோன்களையும் என்டியையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள், உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அளவைக் கெடுத்துவிடும், பஸ்ஸில் வரும் மின்சாரம் மீட்டரையும் குழப்பும். என்டிக்குள்ளேயே ஒரு முனை ரெசிஸ்டர் இருக்கும் வகை என்றால், அதைக் கழற்றியபின் 100 காட்டுவதுதான் சரி. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் இரண்டு வயர் பக்கம் இந்தச் சோதனை செல்லாது. அங்கே மின்னழுத்தம் இருக்கும், ஓம் அளவில் வைத்த மீட்டரை அதில் தொடவே தொடாதீர்கள்.