ஒரே கீ (தேடும் மதிப்பு) பலமுறை வந்தால் முதல் வரியைப் பிடிக்க

பைனரி சர்ச்சில் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை) கீ பொருந்தியதும் நிறுத்தாதீர்கள். மேல் எல்லையை நடு இடத்துக்கு இறக்கித் தேடலைத் தொடருங்கள். இரண்டு எல்லைகளும் சந்திக்கும் இடமே முதல் பிரதி. பாதியில் நிறுத்தினால் ஏதோ ஒரு பிரதிதான் சிக்கும், அதற்கு முந்தையவை விடுபடும்.

இதற்கு ஓர் உதாரணம் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) வைத்திருக்கும் இன்டெக்ஸ் என்ற கோப்புப் பட்டியல். அதில் மெர்ஜ் மோதல் (இரு பக்க மாற்றங்களை இணைக்கும்போது வரும் முரண்) வந்த கோப்பு பொதுவாக 1, 2, 3 என்ற நிலை எண்களோடு மூன்று வரிகளாக நிற்கும். அதன் பெயரோடு நிலை 0 (மோதல் இல்லாத கோப்பின் எண்) சேர்த்துத் தேடினால் கிடைக்காது. ஆனால் வரிகள் பெயர், பிறகு நிலை எண் என்ற வரிசையில் இருப்பதால், 0 நுழையவேண்டிய இடம் அந்த வரிகளில் முதலாவதுதான். அங்கிருந்து பெயர் மாறும்வரை போங்கள். மூன்று என்று எண்ணிக்கொண்டு போகவே கூடாது: ஒரு பக்கம் கோப்பை அழித்திருந்தால் இரண்டு வரிதான் இருக்கும்.

கிட்டின் பேக் இன்டெக்ஸுக்கு (சுருக்கி அடுக்கிய தரவில் எது எங்கே என்று ஹாஷை வைத்துக் காட்டும் பட்டியல்) இது தேவையில்லை. ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒன்றானால் உள்ளடக்கமும் ஒன்றே, எந்தப் பிரதி கிடைத்தாலும் சரி.