ஒரு சுவரிலிருந்து வியன்னாவைப் படிப்பது எப்படி?

ஐரோப்பிய நகரங்களைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பலரும் புவியியலுக்கு ஒரு நோட்டு, சமூகவியலுக்கு ஒன்று, பொருளாதாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்று நோட்டும் நிறைந்தன, நகரம் மட்டும் பிடிபடவில்லை. ஒரே கட்டடத்தை எடுத்துக்கொண்டு மூன்று துறையின் கேள்விகளையும் அதனிடமே கேட்ட பிறகுதான் வழி தெரிந்தது. அதை ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவை வைத்துச் சொல்கிறேன். இணையமும் ஒரு நோட்டும் கலர் பென்சிலும் இருந்தால் போதும்.

படி 1: மேப்பில் மூன்று கோடுகள்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் வியன்னாவைத் திறந்து, தாளில் தோராயமாக வரைந்துகொள்ளுங்கள். முதல் கோடு டான்யூப் ஆறு. இரண்டாவது, பழைய நகரைச் சுற்றிப் போகும் ரிங்ஸ்ட்ராஸே சாலை. கோட்டைச் சுவரை இடிக்கச் சொல்லி 1857இல் பேரரசர் ஆணையிட்டார், அந்த இடத்தில் போட்ட சாலை 1865இல் திறக்கப்பட்டது. மூன்றாவது, இன்னும் வெளியே உள்ள கியூர்ட்டல் சாலை. அங்கேயும் ஒரு காலத்தில் அரண் இருந்தது.

மேற்கே வியன்னா காடு. காற்று பெரும்பாலும் அந்தப் பக்கமிருந்துதான் வீசும். வில்லாக்கள் நிறைந்த ஹீட்ஸிங் மேற்கு ஓரத்தில் இருக்கிறது, தொழிற்சாலைகள் பெருகிய சிம்மரிங் தென்கிழக்கில் இருக்கிறது. ஆலைப் புகை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள்.

படி 2: ஒரு கட்டடத்தின் முன்னால் நில்லுங்கள்

ஸ்ட்ரீட் வியூவில் ஹைலிகன்ஸ்டாட் ரயில் நிலையத்துக்குப் போங்கள். எதிரே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு நிற்பது கார்ல் மார்க்ஸ் ஹோஃப். இது மாநகராட்சிக் குடியிருப்பு. கார்ல் ஏன் (Karl Ehn) என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1927 முதல் 1930 வரை கட்டியது, கிட்டத்தட்ட 1,400 வீடுகள். அவசரப்படாமல் வளைவுகளையும் உள்முற்றங்களையும் பாருங்கள். நிலத்தின் பெரும்பகுதி வெட்டவெளியாகவே விடப்பட்டிருக்கும்.

அந்தக் காலத்து மாநகராட்சிக் குடியிருப்புகள் பலவற்றின் சுவரில், வீட்டுவசதி வரிப் பணத்தில் வியன்னா மாநகராட்சி கட்டியது என்று பெரிய எழுத்தில் பொறித்திருப்பார்கள். செலவுக் கணக்கையே வாசலில் எழுதி வைத்த அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் அடுத்த கேள்வியும் அதிலிருந்துதான் வருகிறது.

படி 3: பணம் எங்கிருந்து வந்தது?

இந்தப் படிக்கு மற்ற படிகளைவிட அதிக நேரம் கொடுங்கள். முதல் உலகப் போரின்போது குடியிருப்பவர்களைக் காக்க வாடகையை உயரவிடாமல் சட்டம் போட்டார்கள். போருக்குப் பின் பணவீக்கம் தலைவிரித்தாட, வாடகை பெயருக்கு வாங்கும் தொகையாகிவிட்டது. வீடு கட்டி வாடகைக்கு விடுவதில் லாபமில்லை என்று தனியார் ஒதுங்கினார்கள், மனை விலை சரிந்தது. மாநகராட்சி மலிவாக நிலம் வாங்கிக் குவித்தது.

1922இல் வியன்னா தனி மாநிலமானது, சொந்தமாக வரி போடும் அதிகாரம் கைக்கு வந்தது. நிதிப் பொறுப்பிலிருந்த ஹூகோ ப்ரைட்னர் 1923இல் வீட்டுவசதி வரியைக் கொண்டுவந்தார். சின்ன வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்குப் பல மடங்கு. 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

நோட்டில் இதைச் சங்கிலியாக எழுதுங்கள்: போர், வாடகைச் சட்டம், மனை விலை, வரி, வீடு. எந்தக் கண்ணியை எடுத்தால் சங்கிலி அறும் என்று யோசியுங்கள்.

படி 4: யார் இருந்தார்கள், யார் இல்லை?

பழைய வாடகைக் குடியிருப்புகளில் தண்ணீர்க் குழாய் நடைபாதையில் இருக்கும், ஒரு தளத்துக்கே அது பொது. அதற்கு பஸ்ஸேனா என்று பெயர். பெண்கள் குடத்தோடு வந்து ஊர்க்கதை பேசிய இடமும் அதுதான். புதிய குடியிருப்பில் வீட்டுக்குள்ளேயே குழாய். கூடவே பொதுச் சலவைக்கூடம், மழலையர் பள்ளி, நூலகம், பல் மருத்துவமனை.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். ஆள் எடுப்பதற்காக 1964இல் துருக்கியோடும் 1966இல் யூகோஸ்லாவியாவோடும் ஆஸ்திரியா போட்ட ஒப்பந்தங்களின் கீழ் வந்த தொழிலாளர்கள் எங்கே தங்கினார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டுக் குடிமக்களுக்கு மாநகராட்சி வீடுகளின் கதவு 2006 வரை பெரும்பாலும் மூடியே இருந்தது. அவர்களில் பலர் கியூர்ட்டலை ஒட்டிய பழைய தனியார் குடியிருப்புகளில் வாடகைக்கு இருந்தார்கள். முதல் படியில் வரைந்த மூன்றாவது கோட்டை இப்போது எடுத்துப் பாருங்கள்.

படி 5: எண்கள்

இதைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான். கேள்வி இல்லாமல் எக்செல் திறந்தால் எண்கள் வாய் திறக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டின் நகரப் புள்ளிவிவரமும், அதன் செயற்கைக்கோள் திட்டமான கோப்பர்நிக்கஸின் அர்பன் அட்லஸ் என்ற நிலப் பயன்பாட்டு வரைபடமும் இலவசம். ஒன்றில் மட்டும் கவனம்: மாநகராட்சி எல்லை வேறு, பொருளாதார நகரம் வேறு. சுற்றியுள்ள ஊரில் குடியிருந்து வேலைக்குப் போவோரில் 15 சதவீதமாவது நகரத்துக்கு வேலைக்குப் போய்வந்தால் அதையும் நகரத்தின் வட்டாரத்தில் சேர்ப்பது ஐரோப்பிய வரையறை. இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

பயிற்சிக்கு மூன்று எண்கள்: 1910இல் வியன்னாவின் மக்கள்தொகை 20 லட்சத்துக்கு மேல், 1980களில் சுமார் 15 லட்சம், 2023இல் மறுபடி 20 லட்சம். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்த 1918ஐயும், கிழக்கு ஐரோப்பாவை மேற்கிலிருந்து பிரித்த இரும்புத்திரை விழுந்த 1989ஐயும் பக்கத்தில் குறித்துவிட்டு, ஒட்டாக்ரிங் பகுதியில் உள்ள ப்ருன்னன்மார்க்ட் சந்தைத் தெருவுக்குப் போய் இரண்டாம் படியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.