ரிவால்வர் மறுவெளியீட்டில் யார் பங்கு எவ்வளவு: காதால் கேட்டுச் சான்றோடு பேசுவது எப்படி

இங்கிலாந்து இசைக்குழுவான பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பம் 1966 ஆகஸ்ட் 5 அன்று வெளியானது. 2022 அக்டோபரில் புது ஸ்டீரியோ மிக்ஸ் (ஒலிகளை இடம், வலம் எனப் பிரித்துக் கலந்தது), பழைய மோனோ மிக்ஸ் (எல்லாம் ஒரே தடத்தில் கலந்தது), ஒத்திகைப் பதிவுகள், முழுமையாகாத டேக்குகள் (பதிவு முயற்சிகள்) எல்லாம் சேர்ந்த பெட்டியாக அது மறுபடி வந்தது. அதன் பிறகு குழுவின் ஜான் லெனானா, பால் மெக்கார்ட்னியா, ஜார்ஜ் ஹாரிசனா, யார் பங்கு பெரிது என்ற பழைய சண்டையும் புதுத் தெம்போடு தொடங்கிவிட்டது. வாதம் செய்வதில் தப்பில்லை. ஆனால் நிறைய பேர் நான்கு கேள்விகளை ஒரே கேள்வியாகப் போட்டுக் குழப்புகிறார்கள்: எழுதியது யார், பாடியது யார், வாசித்தது யார், அந்த ஒலியை உருவாக்கியது யார்?

முதல் வேலையாக ஒரு தாளில் பாட்டுக்கு ஒரு வரி, கேள்விக்கு ஒரு கட்டம் என்று கோடு போடுங்கள். மொத்தம் 14 பாட்டு. ‘லெனான்–மெக்கார்ட்னி’ என்று அச்சிட்டிருப்பதை எழுதியவர் கட்டத்தில் அப்படியே நிரப்பாதீர்கள். யார் எழுதினாலும் இருவர் பெயரும் போடுவது என்பது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. அது சான்று ஆகாது. ஹாரிசன் பெயரில் உள்ள மூன்று பாட்டுகளில் இந்தச் சிக்கல் குறைவு. முன்னணிக் குரல் யாருடையதோ அவரே பெரும்பாலும் எழுதியவர் என்பது ஓரளவு உதவும் விதி. டிரம்ஸ் வாசிப்பவரான ரிங்கோ பாடும் ‘யெல்லோ சப்மரீன்’ அதற்கு விலக்கு.

அடுத்தது, எந்தப் பதிப்பைக் கேட்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். 1966 மோனோ, 1966 ஸ்டீரியோ, 2009 ரீமாஸ்டர், 2022 ரீமிக்ஸ் நான்கும் ஒன்றல்ல. ரீமாஸ்டரில் பழைய மிக்ஸ் அப்படியே இருக்கும், துலக்கம் மட்டும் கூடும். ரீமிக்ஸில் ஒவ்வொரு கருவியின் இடமும் அளவும் மாறியிருக்கும். அன்று பதிவானது நான்கு ட்ராக் நாடாவில். ‘டாக்ஸ்மேன்’ பாட்டில் டிரம்ஸ், பேஸ், ரிதம் கிட்டார் மூன்றும் ஒரே ட்ராக்கில் ஒட்டிக்கிடந்தன. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய, ஒலிகளைத் தானே கற்று அடையாளம் காணும் மென்பொருளால் அவற்றைப் பிரித்த பிறகுதான் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டினால் புது மிக்ஸ் செய்ய முடிந்தது. ஆகவே 2022 மிக்ஸில் ஒரு கிட்டார் முன்னால் வந்து நின்றால், அது இன்றைய பொறியாளரின் முடிவு. 1966-இல் அதற்கு அந்த முக்கியத்துவம் இருந்ததா என்று அறிய மோனோவைக் கேளுங்கள். அன்று பீட்டில்ஸ் அக்கறை காட்டியது மோனோ மிக்ஸில்தான்.

இனி காது வேலை. சிடியிலிருந்து எடுத்த, தரம் குறையாத வேவ் அல்லது ஃபிளாக் கோப்பு வேண்டும். எம்பி3 வேண்டாம், ஏன் என்று கீழே தெரியும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளே போதும்.

1966 ஸ்டீரியோ பதிப்பைத் திறந்து இடது, வலது இரண்டையும் தனித்தனி மோனோ ட்ராக்காகப் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் தனியே கேளுங்கள். அக்கால ஸ்டீரியோ கருவிகளை ஓரங்களுக்குத் தள்ளிவிடும் என்பதால் இதிலேயே பாதி தெரிந்துவிடும். ‘எலினார் ரிக்பி’யில் மெக்கார்ட்னியின் குரல் பெரும்பாலும் வலப்பக்கம் நிற்பது இதில் பளிச்சென்று கேட்கும். பிறகு ஒரு ட்ராக்கை மட்டும் ‘இன்வெர்ட்’ செய்து (ஒலி அலையைத் தலைகீழாக்கி) இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். நடுவில் இருக்கும் ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும், ஓரத்து ஒலி மிஞ்சும். எதுவும் கேட்கவில்லையா? உங்கள் கையில் இருப்பது மோனோ கோப்பு. நடுக்குரல் போனாலும் அதன் எதிரொலி தங்கினால் பயப்பட வேண்டாம், எதிரொலி இரு பக்கமும் வேறுவேறாகப் பதிவாகியிருக்கும். தண்ணீருக்குள் பேசுவது போலக் குளறினால் அது எம்பி3 செய்யும் வேலை.

வேகத்தைக் குறைக்கும்போது ‘டெம்போ’வை மாற்றுங்கள், ‘ஸ்பீட்’ வேண்டாம். டெம்போ மட்டும் மாறினால் சுருதி நிற்கும், விரல் போக்கைப் பிடிக்கலாம். நாடாவை வேகம் மாற்றிப் பதிந்த பாட்டுகளுக்கு இதற்கு நேர்மாறு. அதே அமர்வுகளில் பதிந்து, ஆல்பத்தில் சேராத ‘ரெயின்’ பாட்டின் பின்னணியை வேகமாக வாசித்துப் பதிந்து, பிறகு மெதுவாக ஓட்டினார்கள். வாசித்த வேகத்திலேயே அதைப் பெட்டியில் கேட்கலாம். மற்ற பாட்டுகளில் நீங்களே ‘ஸ்பீட்’ மாற்றிப் பார்க்கலாம். அரை சுரத்துக்கு ஏறத்தாழ 6 விழுக்காடு.

குரல் இரட்டையாகக் கேட்டால் இருவர் பாடினார்கள் என்று எழுதிவிடாதீர்கள். இந்த ஆல்பத்தின்போதுதான் ஈஎம்ஐ இசைத்தட்டு நிறுவனப் பொறியாளர் கென் டௌன்சென்ட் ஒரே குரலை நாடா மூலம் இரட்டிப்பாக்கும் முறையைக் கொண்டுவந்தார். கிட்டாரின் தொனியை வைத்து ஆளைச் சொல்வதும் ஆபத்து. லெனான், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரிடமும் எபிஃபோன் கசீனோ என்ற ஒரே வகை கிட்டார் இருந்தது. மென்பொருள் பிரித்துத் தரும் தனி ஒலி, அங்கே என்ன கருவி இருக்கிறது என்று சொல்லும். பிடித்திருந்த கை யாருடையது என்று சொல்லாது.

அதற்கு வாய்மொழிச் சான்று தேவை, அதற்கும் எடை உண்டு. எடைக்கு ஏற்ப ஒவ்வொரு கட்டத்திலும் ‘உறுதி’, ‘வலுவான சான்று’, ‘ஊகம்’ என்று குறியுங்கள். தன் பெருமையை விட்டுக்கொடுத்து ஒருவர் சொன்னால் எடை அதிகம். ‘டாக்ஸ்மேன்’ ஹாரிசனின் பாட்டு. அதன் தனி கிட்டாரை வாசித்தது மெக்கார்ட்னி என்று ஹாரிசனே சொல்லியிருக்கிறார், அதனால் அந்தக் கட்டத்தில் தயங்காமல் ‘உறுதி’ போடலாம். ‘எலினார் ரிக்பி’ வரிகளில் பெரும்பகுதி தன்னுடையது என்று 1980-இல் லெனான் சொன்னார். மெக்கார்ட்னி மறுத்தார். லெனானின் பள்ளித் தோழர் பீட் ஷாட்டனே மெக்கார்ட்னி பக்கம் நின்றார். என் கணக்கில் இது மெக்கார்ட்னிக்கு ‘வலுவான சான்று’, ‘உறுதி’ இல்லை. ‘ஷீ செட் ஷீ செட்’ பதிவில் சண்டையாகி வெளியேறியதாகவும், பேஸை ஹாரிசன் வாசித்திருக்கலாம் என்றும் மெக்கார்ட்னி பல பத்தாண்டுகள் கழித்துச் சொன்னார். அவரே ‘என்று நினைக்கிறேன்’ என்று இழுத்ததை நாம் ‘உறுதி’ ஆக்கக் கூடாது. ‘ஊகம்’ என்றே குறியுங்கள்.

பெட்டியின் உண்மையான பரிசு ‘யெல்லோ சப்மரீன்’தான். குழந்தைப் பாட்டு, ஆகவே மெக்கார்ட்னி என்று பலரும் முடிவுகட்டியிருந்தார்கள். பிறந்த ஊரில் தன்னை யாரும் பொருட்படுத்தவில்லை என்று லெனான் தனியே கிட்டாரோடு சோகமாகப் பாடும் நாடா இதில் இருக்கிறது. சரணத்தின் வித்து அவருடையது. பல்லவியை மெக்கார்ட்னி பக்கமே வையுங்கள். பாட்டு முழுவதையும் ஒருவருக்குத் தாரை வார்க்காமல் பகுதி பகுதியாகக் குறிப்பதன் பயன் இங்கே தெரியும்.

‘அறுபதுக்கு நாற்பது’ என்று விழுக்காடு போடுபவர்களை விட்டுவிடுங்கள், அதை அளக்க அளவுகோல் கிடையாது. ‘டுமாரோ நெவர் நோஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டும் குரலும் லெனான். நாடா வளையங்களின் (முனைகளை ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்ட நாடாத் துண்டுகள்) யோசனை மெக்கார்ட்னி. தம்புரா ஹாரிசன். அந்த விடாத டிரம்ஸ் ரிங்கோ. குரலை லெஸ்லி என்ற சுழலும் ஒலிபெருக்கி வழியாகச் செலுத்தியவர் பொறியாளர் ஜெஃப் எமரிக், தயாரிப்பு ஜார்ஜ் மார்ட்டின். நான்காவது கட்டத்தைக் காலியாக விட்டவருக்குக் கடைசி இருவரும் கண்ணிலேயே பட மாட்டார்கள். ‘எலினார் ரிக்பி’யில் பீட்டில்ஸ் ஒருவர்கூட எந்தக் கருவியையும் வாசிக்கவில்லை. ஒலிப்பது நான்கு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ, இசைக்கோப்பு ஜார்ஜ் மார்ட்டின். ‘லவ் யூ டூ’வின் தபலா அனில் பாக்வத். இவர்களுக்கு இடம் விடத் தாளில் ஐந்தாவதாக ஒரு பத்தியும் போட்டுக்கொள்ளுங்கள்.