ரப்பர் பட்டையுடன் முதியோர் தசைவலுப் பயிற்சி: வீட்டில் செய்யும் முறை

ரெசிஸ்டன்ஸ் பேண்ட் எனப்படும் ரப்பர் பட்டையைக் கையில் எடுப்பதற்கு முன், முதியவரின் இப்போதைய நிலையை அறிந்துகொள்வது நல்லது. கைகளை மார்பின் குறுக்கே கட்டியபடி, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர எத்தனை விநாடி ஆகிறது என்று, அருகில் ஒருவரை நிறுத்திக்கொண்டு அளந்து, தேதியுடன் குறித்து வையுங்கள். ஆசியத் தசைநலிவு ஆய்வுக் குழுவின் 2019 வரையறைப்படி, 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் செயல்திறன் குறைந்துள்ளது என்று பொருள்.

பட்டையின் நிறம் அதன் இழுவிசையைக் காட்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறுபடும் என்பதால், கடையில் இழுத்துப் பார்த்து இலகுவானதையே வாங்குங்கள். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் லேடெக்ஸ் கலக்காத பட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சன்னலோர வெயிலில் கிடக்கும் பட்டை விரைவில் வெடிப்பு விடும். ஒவ்வொரு முறையும் விரித்துப் பார்த்து, கீறல் தெரிந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

கால் தள்ளும் பயிற்சியை நான் முதலிடத்தில் வைப்பேன். எழுவதற்கும் பேருந்துப் படி ஏறுவதற்கும் வேண்டிய தொடைத் தசைகள் இதில் நேராக உழைக்கின்றன. வழுக்காத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, காலணியுடன் அமர்ந்து, பட்டையின் நடுப்பகுதியைப் பாதத்தின் நடுவில், விரல்பக்கம் நழுவாதபடி மாட்டுங்கள். நழுவினால் அது முகத்தில் அடித்துவிடும். இரு முனைகளையும் உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி இடுப்போரம் பிடித்துக்கொண்டு, முழங்காலை மார்புப் பக்கம் மடக்கி, இரண்டு எண்ணுவதற்குள் காலை முன்னே தள்ளி, நான்கு எண்ணும் வரை மெதுவாக மடக்குங்கள். திரும்பி வரும்போதும் தசை உழைக்கிறது என்பதால் பட்டையைச் சட்டென்று விட்டுவிடக் கூடாது. மூச்சைப் பிடித்தால் இரத்த அழுத்தம் ஏறும் என்பதால் வாய்விட்டு எண்ணுவதே சிறந்தது. ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை போதும். கடைசி இரண்டு சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது.

அதே பட்டையை இரு பாதங்களிலும் மாட்டி, முழங்கைகளைப் பின்னோக்கி இழுத்தால் முதுகும் தோளும் வலுப்பெறும்.

வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியையும் அது வலியுறுத்துகிறது. இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், அண்மைய அறுவை சிகிச்சை ஆகியவை இருந்தால் முதலில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

இரண்டு மாதம் கழித்து நாற்காலிச் சோதனையை மீண்டும் செய்து, குறித்து வைத்த விநாடிகளோடு ஒப்பிடுங்கள். பட்டைப் பயிற்சியைப் பதினைந்து முறை எளிதாகச் செய்ய முடிந்த பிறகே, இழுவிசை கூடிய அடுத்த நிறப் பட்டைக்கு மாறலாம்.