செடான் காரைப் பத்தாண்டு ஓட்டுவதற்கான கணக்கும் கவனிப்பும்

12 லட்சம் ரூபாய் விலையில் ஒரு பெட்ரோல் செடானை வாங்கி, ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பம் ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வண்டிக்கு மதிப்புப் போடும் அட்டவணைப்படி, ஓராண்டு முடிவதற்குள் 15 சதவீதமும் ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதமும் கழிக்கப்படுகின்றன. சந்தை விலை இதிலிருந்து சற்று விலகலாம் என்றாலும், ஐந்தாண்டில் 6 லட்சம் ரூபாய் கரைந்துவிட்டது என்று கொண்டால் தவறில்லை. 50,000 கிலோமீட்டருக்கு 6 லட்சம் என்றால், வண்டி உருளும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய் போகிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், நகருக்குள் மைலேஜ் 12.5 கிலோமீட்டர் என்றால் எரிபொருளுக்கு 8 ரூபாய். சர்வீஸ், உதிரிபாகம் எல்லாமாகச் சேர்த்து ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று வைத்தாலும், பராமரிப்புக்கு ஆவது கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 20 காசுதான்.

நாம் சண்டை போடுவதெல்லாம் இந்த 1 ரூபாய் 20 காசுக்காகத்தான். 12 ரூபாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அதற்கு யாரும் பில் கொடுப்பதில்லை. அதே வண்டியை மேலும் ஐந்தாண்டு வைத்திருந்து, கடைசியில் 2.5 லட்சத்துக்கு விற்றால், இரண்டாம் ஐந்தாண்டின் மதிப்பிழப்பு கிலோமீட்டருக்கு 7 ரூபாயாகக் குறைகிறது. அந்தக் காலத்தில் பராமரிப்புச் செலவு இரண்டு மடங்கானாலும், இரண்டும் சேர்ந்து 9 ரூபாய் 40 காசுதான் வருகிறது. முதல் ஐந்தாண்டில் அது 13 ரூபாய் 20 காசாக இருந்தது. எனவே பராமரிப்பில் மிச்சம் பிடிப்பதைவிட, பராமரித்துப் பத்தாண்டு ஓட்டுவதே உண்மையான சிக்கனம். அதற்கான வழிகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டின் வெயிலிலும் மழையிலும் ஓடும் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் செடானை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், பெரும்பகுதி மற்ற கார்களுக்கும் பொருந்தும்.

முதலில், டாஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டைப் போட்டு வையுங்கள். பெட்ரோல் போட்ட தேதி, ஓடோமீட்டர் எண், லிட்டர், ஒவ்வொரு வேலைக்கும் கொடுத்த தொகை ஆகிய நான்கையும் எழுதினால் போதும். மைலேஜைக் கணக்கிட, பெட்ரோல் பங்கில் குழாய்த் துப்பாக்கி தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறையும், முடிந்தால் அதே பங்கில், அதேபோல நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். காரின் திரையில் தெரியும் எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். மைலேஜ் திடீரென்று ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் இறங்கினால் டயர் காற்று, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், அடைத்துப்போன ஏர் ஃபில்டர் என்ற வரிசையில் பார்க்கலாம். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கலவைக்காக வடிவமைக்கப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. அந்த அளவு இறக்கத்துக்காக மெக்கானிக்கிடம் ஓட வேண்டியதில்லை. அதற்கு மேல் இறங்கினால் ஓடுங்கள்.

மாருதி, ஹூண்டாய், ஹோண்டா ஆகிய மூன்றின் பெட்ரோல் செடான்களுக்கும் பொதுவான சர்வீஸ் இடைவெளி 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. இதில் பலரும் கோட்டைவிடுவது பின்பாதியைத்தான். ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டரே ஓடும் வண்டியிலும் ஆயில் பழையதாகிறது. சொல்லப்போனால், பள்ளிக்கும் காய்கறிக் கடைக்குமாக இரண்டு இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் இன்ஜின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை என்பதால், ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாக வழியின்றித் தங்கிவிடுகின்றன. வாரத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுவது இதற்கு மருந்து. ஆயிலின் தரத்தையும் கையேட்டில் உள்ளபடியே போட வேண்டும். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலைக் கேட்கும் இன்ஜினுக்கு, கெட்டியாக இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லி 20டபிள்யூ-40 ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மெல்லிய ஆயில் மேலேறும் வேகத்தில் கெட்டி ஆயில் ஏறாது, தேய்மானம் கூடுதலாக நடப்பதோ அந்தச் சில நொடிகளில்தான். மாதம் ஒரு முறை, சமதளத்தில் இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து ஆயில் குச்சியை இழுத்துப் பார்ப்பதற்குக் காசு எதுவும் ஆகாது.

சர்வீஸ் சென்டரில் வண்டியை விடும்போது ஜாப் கார்டில் கையெழுத்திடும் முன் எஸ்டிமேட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்ஜின் ஃபிளஷ், த்ராட்டில் பாடி சுத்தம், ஏசி கிருமிநீக்கம், பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு, உள்ளலங்கார மெருகு என்று நீளும் பட்டியலில் எவையெல்லாம் கையேட்டின் அட்டவணையில் இந்தக் கிலோமீட்டருக்கு உரியவை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் பாதி வரிகள் தாமாகவே அழிந்துவிடும். மாறாக, அட்டவணையில் இருந்தும் அவர்கள் நினைவூட்ட மறக்கும் வேலைகளும் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். ஆகவே பேட் தேயாவிட்டாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும். கூலன்ட் குறைந்தால் கலந்து விற்கப்படும் கூலன்ட்டையே ஊற்றுங்கள். போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்தால், கத்திரி வெயிலில் நெரிசலில் நிற்கும்போதுதான் அது தன் வேலையைக் காட்டும். இன்ஜின் சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

ஏசி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் ஏமாறுவதும் ஏமாற்றப்படுவதும் இங்கேதான் அதிகம். கோடைக்கு முன் கேஸ் டாப்-அப் செய்துவிடலாம் என்று சொல்வது, ஆண்டுதோறும் கேஸ் எரிந்து தீர்ந்துபோவது போன்ற எண்ணத்தை உண்டாக்குகிறது. ஏசி மூடிய அமைப்பு. ஆண்டுகள் போகப் போக மிகச் சிறிதளவு கசியலாமே தவிர, ஒரே கோடைக்குள் குளிர்ச்சி போய்விட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸை நிரப்புவது பஞ்சரான டயருக்குக் காற்று பிடிப்பதற்குச் சமம். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பது முதல் வேலை. பெரும்பாலான செடான்களில் அதற்கு ஸ்பேனர்கூடத் தேவைப்படாது. முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் உள்ள கண்டென்சரில் அப்பிய மண்ணையும் பூச்சிகளையும் மெல்லிய நீர்வீச்சில் கழுவுவது இரண்டாவது. இவ்விரண்டிலேயே தீர்ந்துவிடும் புகார்கள் நிறைய.

சத்தங்களிலும் இதே நிதானம் வேண்டும். சின்னச் சின்னப் பள்ளங்களில் மெதுவாகப் போகையில் முன்பக்கம் கடகடவென்று ஒலித்தால், ஷாக் அப்சார்பர் போய்விட்டது, ஜோடியாக மாற்ற வேண்டும் என்று முதல் தீர்ப்பு வரும். எங்கள் வண்டிக்கும் வந்தது. ஷாக்கில் ஆயில் கசிவு இல்லை, பானெட்டை அழுத்திவிட்டால் ஒரே ஆட்டத்தில் நின்றுவிடுகிறது, பிறகு எதற்கு மாற்றுவது என்று இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டியபோது, சஸ்பென்ஷனில் உள்ள சிறு இணைப்புக் கம்பியான லிங்க் ராடின் முனை தளர்ந்திருந்தது தெரிந்தது. ஷாக்குக்குக் கேட்ட தொகையின் சிறு பகுதியிலேயே சத்தம் நின்றது. பெரிய செலவைச் சொன்னால், அவசரமில்லாத வேலையாக இருக்கும் வரை இரண்டாம் கருத்துக் கேளுங்கள். பிரேக்கும் ஸ்டியரிங்கும் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றில் சந்தேகம் வந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

டயருக்கு, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் காற்றளவே சரியானது. ஐந்து பேரும் டிக்கி நிறையப் பெட்டிகளுமாகப் போகும் பயணத்துக்கு அதே ஸ்டிக்கரில் வேறோர் அளவு இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். புது டயர் வாங்கும்போதும் இதைப் பார்க்கலாம், பட்டன், அதாவது டயரின் வரிப்பள்ளம், நிறைய இருந்தும் ரப்பரில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று பழைய டயரைச் சோதிக்கும்போதும் பார்க்கலாம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றியே ஆக வேண்டும் என்றாலும், ஐப்பசி மழைக்கு முன் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது என் வழக்கம். ஸ்டெப்னியின் காற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி ஓட்டம். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் தன் முழுச் சக்தியைக் காட்டுவது அதிக ஆர்பிஎம்மில், அதாவது வேகமாகச் சுழலும்போதுதான். 2014இல் வந்த நான்காம் தலைமுறை ஹோண்டா சிட்டியின் 1,497 சிசி இன்ஜினை எடுத்துக்கொண்டால், 119 பிஎஸ் பவர் 6,600 ஆர்பிஎம்மிலும், 145 நியூட்டன் மீட்டர் டார்க் எனும் சுழற்றுவிசை 4,600 ஆர்பிஎம்மிலும்தான் முழுமையாகக் கிடைக்கின்றன. ஆனால் நகரில் நாம் ஓட்டுவதோ 1,500க்கும் 2,000க்கும் இடையில். மைலேஜ் வேண்டும் என்று 40 கிலோமீட்டர் வேகத்திலேயே ஐந்தாம் கியருக்குப் போய், வண்டி திணற ஆக்சிலரேட்டரை மிதிப்பது சிக்கனமும் அல்ல, இன்ஜினுக்கு நல்லதும் அல்ல. 70 கொண்டைஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையிலோ 40 வளைவுகள் கொண்ட வால்பாறைப் பாதையிலோ ஏறும்போது, வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறங்கி ஆர்பிஎம்மை 2,500க்குக் கீழ் விழாமல் வைத்தால், வண்டியில் பிக்கப் இல்லை என்ற குறை வராது. இறங்கும்போதும் அதே கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்பது பழைய கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்றைய இன்ஜின் கியரில் இருக்க, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோலை அறவே நிறுத்திக்கொள்ளும், நியூட்ரலில்தான் கொஞ்சம் குடிக்கும். பிரேக் சூடேறிக் கைவிடும் ஆபத்தும் நியூட்ரலில்தான் அதிகம்.

மேலே சொன்ன சிட்டியின் தரை இடைவெளி 165 மில்லிமீட்டர், அதுவும் வெறும் வண்டியில். ஐந்து பேர் ஏறினால் நம் ஊர் வேகத்தடைகளில் அடி தட்டத்தான் செய்யும். செடான் வாங்கியவர் இதைப் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். ஸ்பிரிங்குக்கு இடையில் ரப்பர் துண்டு செருகி உயர்த்தும் வேலையைச் செய்ய வேண்டாம், சஸ்பென்ஷனின் கோணங்கள் மாறிவிடும்.

மழைதான் செடானின் பெரிய எதிரி. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடனேயே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியவர்கள், 2015லும் 2023 மிக்ஜாம் புயலிலும் பாடம் கற்றவர்கள். இன்ஜின் காற்று இழுக்கும் வழி கிரில்லின் உயரத்தில் இருப்பதால், தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது எழும் அலையே உள்ளே புகப் போதும். காற்றைப்போல நீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நீரில் நின்றுபோன வண்டியையோ, இரவெல்லாம் மூழ்கிக் கிடந்த வண்டியையோ மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, படம் எடுத்துக்கொண்டு, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லி, டோ செய்துதான் எடுத்துப்போக வேண்டும். சாவியைத் திருப்பியதால் உடைந்த இன்ஜினுக்குச் சாதாரண முழுக் காப்பீட்டில் பணம் மறுக்கப்படுவது வழக்கம். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பைச் சென்னையிலோ கடலூரிலோ இருப்பவர்கள் தவறாமல் சேர்ப்பது நல்லது.

இன்சூரன்ஸில் இன்னொன்று. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி, தேர்ட் பார்ட்டி பிரீமியம் 1,000க்கு மேல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய், 1,500ஐத் தாண்டினால் 7,897 ரூபாய். இன்ஜின்கள் 1,497, 1,462 என்று எல்லைக்குள்ளேயே நிற்பது வாங்குபவருக்கு இப்படியும் உதவுகிறது. கிளைம் கேட்காத ஆண்டுகளுக்கான போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்தாண்டில் 50 சதவீதத்தை எட்டும். ஆகவே பம்பர் கீறலுக்கெல்லாம் கிளைம் போடும் முன், டிங்கரிங், பெயின்டிங் செலவையும் இழக்கப்போகும் போனஸையும் நோட்டில் எழுதிப் பார்த்துவிடுங்கள். பாலிசி முடிந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் அந்தப் போனஸ் முழுவதும் போய்விடும். அது காருக்கு அல்ல, உரிமையாளருக்கே சொந்தம். எனவே பத்தாண்டு கழித்து வண்டியை விற்கும்போது, படிவம் 29, 30ஐக் கொடுத்து ஆர்சி பெயர் மாற்றம் முடியும் வரை விடாமல் தொடர்வதோடு, போனஸுக்கான சான்றையும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுதி வாங்கிக்கொண்டால், மூன்றாண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தலாம்.