அதே சிலிண்டரில் மறுபடியும் இக்னிஷன் காயில் போகிறதா?

பழைய வண்டியில் ஒரு இக்னிஷன் காயில், அதாவது பிளக்கில் பொறி பறக்க மின்சாரத்தை உயர்த்தித் தரும் சுருள், போவது சகஜம். வயதாகிவிட்டது, மாற்றிவிட்டு ஓட்டலாம். ஆனால் அதே சிலிண்டரில் போட்ட புதுக் காயிலும் சில மாதங்களில் போனால், காயில் மீது மட்டும் பழி போடக் கூடாது. ஏதோ ஒன்று அதைத் தின்றுகொண்டிருக்கிறது. அது என்னவென்று பார்க்காமல் மூன்றாவது காயிலுக்குப் பணம் கொடுப்பதுதான் இங்கே முதல் தவறு.

அதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்கேனர் காட்டும் பிழைக் கோடை (code) அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை, அவ்வளவுதான். பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் எதில் கோளாறு என்றாலும் அதே கோடு வரும். பி0351 வந்தால் காயிலின் சர்க்யூட்டில் சிக்கல். அதிலும் வயர், கனெக்டர், இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எல்லாம் சேர்த்திதான். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டியானால் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. முதல் சிலிண்டர் காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டு, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 என்று மாறினால் காயில்தான் கெட்டிருக்கிறது. பி0301 அப்படியே நின்றால் காயில் நிரபராதி. இந்தச் சோதனை முடியும்வரை பிளக்கில் கை வைக்காதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

காயில்தான் என்று உறுதியான பிறகும் பழைய பிளக்கை அப்படியே விட்டுவிடுவதைத்தான் நான் மிக மோசமான தவறு என்பேன். காயில் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. எவ்வளவு உயர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பிளக்கின் இடைவெளிதான் முடிவு செய்கிறது. எலக்ட்ரோடு தேயத் தேய இடைவெளி கூடும், அதைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட்டேஜ் வேண்டும். ஒரு கட்டத்தில் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டுவதைவிட காயிலுக்குள் இருக்கும் இன்சுலேஷனைத் துளைப்பது சுலபமாகிவிடும். புதுக் காயிலுக்கும் அதே கதிதான். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்து, வண்டியின் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

பிளக்கைக் கழற்றியதும் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கீறினாற்போல மெல்லிய கறுப்புக் கோடு மேலிருந்து கீழே இறங்கி, துணியால் துடைத்தும் போகவில்லை என்றால், அது கார்பன் பாதை. மின்பொறி வெளிவழியாக இன்ஜின் உடம்புக்குப் பாய்ந்திருக்கிறது. அதற்கு நேர் எதிரே, பிளக்கின் மேல் மாட்டும் காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் (பூட்) அதேபோல் ஒரு கோடு இருக்கலாம். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால், பழையது புதியதையும் கெடுத்துவிடும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட்டோ குழாய் சீலோ கசிகிறது. எண்ணெயில் ஊறிய பூட் உப்பி, மெத்தென்று ஆகிவிடும். துடைத்துவிட்டுப் புதுக் காயில் போடுவது வீண். முதலில் கசிவை அடைக்க வேண்டும். தண்ணீரோ கூலன்ட்டோ இறங்கியிருந்தாலும் இதே கதைதான்.

மல்டிமீட்டரில் ஓம் சரியாகக் காட்டுகிறது, அதனால் காயில் நல்லது என்பதும் நம்பக்கூடியதல்ல. குளிர்ந்திருக்கும்போது சரியாக அளவு காட்டி, இன்ஜின் சூடேறியதும் மிஸ்ஸிங் அடிக்கும் காயில்கள் நிறைய. வண்டி நன்றாக ஓடிச் சூடானதும் அளந்து பாருங்கள். இக்னைட்டர் (காயிலின் மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்யும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) உள்ளேயே இருக்கும் காயில்களை இப்படி ஓம் பார்த்து முடிவு செய்ய முடியாது. இடமாற்றச் சோதனைதான் வழி.

தனிக் காயில் வண்டியில் பிளக், பூட், குழி எல்லாம் சரி, ஆனாலும் காயில் எரிகிறதா? குளிர்ந்திருக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து சில நிமிடம் கழித்துக் காயிலைத் தொட்டுப் பாருங்கள். அது சூடானால், இசியூவில் காயிலை இயக்கும் சுவிட்ச் (டிரைவர்) ஷார்ட் ஆகி மின்சாரம் நிற்காமல் ஓடுகிறது, அல்லது சிக்னல் வயர் எங்கோ உரசுகிறது. எர்த் வயரின் துருவையும், கனெக்டருக்குள் பச்சை பூத்த பின்களையும் பார்க்க மறக்காதீர்கள்.

பாயிண்ட் (காயில் மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனை), டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துத் தருவது) உள்ள இன்னும் பழைய வண்டிகளில் தவறு வேறு மாதிரி. மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பல்லாஸ்ட் ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய காயிலின் பிரைமரி (பேட்டரி மின்சாரம் பாயும் சுருள்) சுமார் 1.5 ஓம், ரெசிஸ்டர் தேவைப்படாததற்கு சுமார் 3 ஓம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். முதல் வகையை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் இரு மடங்கு மின்சாரம் ஓடி, காயில் கொதிக்கும், பாயிண்டும் கருகும். இந்த வண்டிகளில் இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டுவைப்பதும் ஆபத்து. பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வெந்துவிடும்.

ஓடும் இன்ஜினில் பிளக் வயரைப் பிடுங்கி எந்தச் சிலிண்டர் என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கையில் ஷாக் அடிக்கும், போக வழியில்லாத வோல்ட்டேஜ் காயிலையே துளைக்கும். ஸ்பார்க் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் போய் எரிந்து, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை உருக்கிவிடும், அதன் விலை காயிலைவிடப் பல மடங்கு.