ஆயுதபூஜைக்கு ஒரு பத்தை பரங்கிக்காய்: புளிக்குழம்பும் பாயசமும்

புரட்டாசி பிறந்துவிட்டால் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பல வீடுகளில் கவிச்சி கிடையாது. வாரம் இரண்டு நாளாவது காசிமேட்டு மீனைச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு வெறும் சாம்பாரும் பொரியலும் எத்தனை நாள் இறங்கும்? ஆயுதபூஜை அன்று வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது, மீன் குழம்பு மாதிரியே மண்சட்டியில் கொதித்த பரங்கிக்காய் புளிக்குழம்பு இருந்தால் சோறு தானாக இறங்கும். முதல்முறை சமைப்பவர்களும் தைரியமாக இறங்கலாம். ஐந்து பேருக்கான அளவு சொல்கிறேன்.

காய் வாங்குவது

அந்த வாரம் லேத் பட்டறை, ஆட்டோ ஸ்டாண்டு வாசலில் உடைக்கவென்று ரோட்டோரம் குவித்து விற்பது வெள்ளைப் பூசணி. நமக்கு வேண்டியது மஞ்சள் பரங்கிக்காய். முழுசாக வாங்க வேண்டாம், ஒரு கிலோ பத்தை போதும். சதை நல்ல ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக இருக்க வேண்டும். வெட்டிய இடம் கொழகொழவென்று இருந்தால் வாங்காதீர்கள். விதையைக் கழுவிக் காயவைத்து வறுத்தால் பிள்ளைகள் கொறிப்பார்கள்.

முதலில் புளி

எலுமிச்சை அளவு புளியை 3 கப் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுக் காயை நறுக்குங்கள். காய் வழுக்கும், அதனால் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி பலகையில் வைத்து வெட்டுங்கள். குழம்புக்கு அரை கிலோவை ஒன்றரை அங்குலத் துண்டாகப் போடுங்கள். சின்னதாக நறுக்கினால் கரைந்துவிடும். தோல் இளசாக இருந்தால் சீவ வேண்டாம், தோலோடு இருக்கும் துண்டு உடையாமல் நிற்கும். மீதியைத் தோல் சீவி, பாயசத்துக்காக 250 கிராம் துருவி வையுங்கள்.

குழம்பு

சட்டியில் 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெய். எண்ணெயில் கை இழுக்காதீர்கள், இந்தக் குழம்புக்கு ருசியே அதுதான். கடுகு வெடித்ததும் அரை டீஸ்பூன் வெந்தயம், கறிவேப்பிலை. வெந்தயம் கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும், சிவக்க ஆரம்பித்ததுமே உரித்த சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல் போட்டு வதக்குங்கள். படையலுக்கு வெங்காயம், பூண்டு சேர்க்காத வீடு என்றால் அதற்குப் பதில் கொஞ்சம் பெருங்காயம் போதும்.

இரண்டு தக்காளியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, அது மசிந்ததும் கால் டீஸ்பூன் மஞ்சள் தூள், 3 டீஸ்பூன் குழம்பு மிளகாய்த்தூள், உப்பு. தூளை அரை நிமிடம் பிரட்டிவிட்டு, புளியைக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். மூடாமல் பத்து நிமிடம் கொதிக்கட்டும். பச்சை வாசனை போய், ஓரத்தில் எண்ணெய் மினுமினுக்க ஆரம்பிக்கும். நீங்கள் நினைக்கும் பதத்தைவிட ஒரு சுற்று கெட்டியாக வரும் வரை விடுங்கள், ஏனென்றால் பரங்கிக்காய் வேகும்போது தண்ணீர் விடும்.

மீன் போடுகிற மாதிரி, இப்போதுதான் காயைப் போட வேண்டும். புளிப்பில் காய் மெதுவாக வேகும், அதனால் சீக்கிரம் குழையாது. தீயைக் குறைத்து, மூடி, பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடுங்கள். நடுவில் கரண்டி போட்டுக் கிளறாமல், சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து லேசாகச் சுழற்றினால் போதும். கத்தி முனை தடங்கல் இல்லாமல் இறங்கினால் அடுப்பை அணைத்துவிடலாம், மண்சட்டிச் சூட்டில் இன்னும் கொஞ்சம் வேகும். குக்கரில் மட்டும் வைக்காதீர்கள், ஒரு விசில் கூட அதிகம். காயிலேயே இனிப்பு இருப்பதால் வெல்லமும் தேவையில்லை. அரை மணி நேரம் ஊறட்டும்.

பாயசம்

ஒரு தேங்காயைத் துருவி அரைத்து, முதல் பால் முக்கால் கப், இரண்டாம் பால் 2 கப் எடுங்கள். ஒரு ஸ்பூன் நெய்யில் துருவிய பரங்கிக்காயைப் பச்சை வாடை போக வதக்கி, இரண்டாம் பாலில் வேகவிடுங்கள். 150 கிராம் வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டிச் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு முதல் பாலை ஊற்றுங்கள். இதைக் கொதிக்கவிட்டால் திரிந்த மாதிரி ஆகிவிடும். ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி சேர்த்து இறக்குங்கள்.

சோறு, அப்பளம், பூஜைக்குச் செய்த சுண்டல், அவ்வளவுதான் இலைக்கு வேண்டியது. சோற்றைக் கடைசியாக வடியுங்கள், சூடாக இருக்கும். வாசலில் பூசணி உடைக்கிறவர்கள் சாப்பிட உட்காரும் முன்பே சில்லுகளை ஓரமாக அள்ளிவிடுங்கள், பைக்கில் வருகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். குழம்பு மிஞ்சினால் இரவு சுடவைத்து மூடிவையுங்கள், விஜயதசமி காலையில் இட்லிக்கு ஆகும்.